புதைத்த காபனுக்கு யார் பொறுப்பு?

இணுவிலில் கிணறு வெட்ட இறங்குகிறவர் செம்பாட்டு மண்ணைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல்லில் முட்டுவார். தூய சுண்ணாம்புக்கல்லின் நிறையில் நூற்றுக்கு 44 பங்கு காபனீரொட்சைட்டு. மயோசீன் காலக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பவளங்களும் நுண்ணுயிர்களும் கடல்நீரில் கரைந்திருந்த அந்த வாயுவைக் கல்சியத்தோடு சேர்த்துத் தங்கள் ஓடுகளாகக் கட்டிக்கொண்டன. ஓடுகள் அடியில் படிந்து பாறையாயின. அந்தப் பாறைதான் யாழ்ப்பாணக் குடாநாடு. புகையிலைத் தோட்டங்களும் கந்தசுவாமி கோயிலும் காங்கேசன்துறை வீதியும் ஒரு பழைய காபன் களஞ்சியத்தின் மேல் நிற்கின்றன.

அந்தக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டதும் இந்த வீதியின் வடக்கு முனையில்தான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லை உடைத்துச் சூளையில் 1,400 பாகைக்கு மேல் சூடாக்கினால் கல்லுக்குள் இருந்த காபனீரொட்சைட்டு வெளியேறும். ஒரு தொன் சீமெந்துக் கட்டி செய்யக் கல்லிலிருந்து மட்டும் ஏறத்தாழ அரைத் தொன் வாயு வரும். எரிபொருளின் புகை அதற்குமேல். போர் 1990இல் அந்தச் சூளையை அணைத்தது. உலகெங்கும் மற்றச் சூளைகள் எரிகின்றன. உலகக் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சீமெந்தின் கணக்கில் சேர்கிறது.

சீமெந்தை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. நோர்வேயின் தென்பகுதியில் பிறேவிக் என்ற இடத்தில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. தன் புகையிலிருந்து ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலையை அது 2025 ஜூனில் திறந்தது. அந்தத் தொழிற்சாலை வெளிவிடுவதில் இது ஏறத்தாழப் பாதி. பிரித்த வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, பேர்கன் நகருக்கு அருகேயுள்ள ஒய்கார்டனுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து சுமார் 100 கிலோமீற்றர் நீளக் குழாய் கடலடியில் போகிறது. கடற்படுகைக்குக் கீழே 2,600 மீற்றர் ஆழத்திலுள்ள மணற்கல் படைக்குள் வாயு செலுத்தப்படுகிறது. முதல் செலுத்தல் 2025 ஓகஸ்டில் நடந்தது. திட்டத்தின் பெயர் 'நோர்தேர்ண் லைற்ஸ்'. சொந்தக்காரர் மூவர்: ஈகுயினோர், ஷெல், ரோட்டல்எனர்ஜீஸ். மூன்றும் எண்ணெய்க் கம்பனிகள்.

நோர்வே நமக்குத் தூரத்து நாடு இல்லை. அன்ரனி இராஜேந்திரம் 1956இல் அங்கே போனார். அவர் தொடக்கிய சீ-நோர் நிறுவனம் 1960களின் கடைசியில் யாழ்ப்பாணக் கரையில் வலையும் வள்ளமும் செய்யத் தொடங்கியது. பின்னர் படிக்கப் போனவர்களும் போரால் போனவர்களுமாக பேர்கனிலும் ஒஸ்லோவிலும் தமிழர் குடியேறினார்கள். குடாநாட்டில் பல வீடுகளுக்கு நோர்வேக் குரோனில் காசு வந்திருக்கிறது. நோர்வேயின் செழிப்பு வட கடல் எண்ணெயிலிருந்து வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். எண்ணெயை எடுத்து விற்ற அதே கம்பனிகள் இப்போது காபன் கழிவை வாங்கிப் புதைக்கக் காசு கேட்கின்றன. இந்த வியாபாரத்தை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

தொழில்நுட்பம் வேலை செய்யுமா என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. நிலத்தடியில் ஏறத்தாழ 800 மீற்றருக்குக் கீழே வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து காபனீரொட்சைட்டை வாயுவும் திரவமும் அல்லாத அடர்ந்த நிலைக்குக் கொண்டுவரும். மேற்பரப்பில் 1,000 கன மீற்றர் இடம் பிடிக்கும் வாயு அங்கே சுமார் 3 கன மீற்றருக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே நீரும் வாயுவும் ஊடுருவாத களிக்கல் படை மூடியாக இருக்கவேண்டும். கீழே நுண்துளைகள் நிறைந்த மணற்கல்லும் அதில் குடிக்க உதவாத உப்புநீரும் இருக்கவேண்டும். நாளடைவில் வாயுவின் ஒரு பங்கு நுண்துளைகளில் சிக்கும், ஒரு பங்கு உப்புநீரில் கரையும், ஒரு பங்கு மிக மெதுவாகக் கல்லாகும். எரிமலைப் பாறையில் இது விரைவாகவே நடக்கிறது. ஐஸ்லாந்தில் செய்த பரிசோதனையில் செலுத்திய வாயுவின் 95 வீதத்துக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் கனிமமாகிவிட்டதாக 2016இல் ஆய்வு வெளிவந்தது.

இந்த வேலைக்கு வேண்டிய அறிவு எண்ணெய்க் கம்பனிகளிடம்தான் அதிகம் இருக்கிறது. ஆழத்தில் துளையிடுவது, பாறையின் அழுத்தத்தைக் கணிப்பது, அதிர்வலை விட்டு நிலத்தடியைப் படம் பிடிப்பது எல்லாம் அவர்கள் ஒரு நூற்றாண்டாகச் செய்துவரும் தொழில். அவர்கள் காபனீரொட்சைட்டைப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கியதும் இன்று நேற்றல்ல. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 1972இல் ஒரு பழைய எண்ணெய் வயலுக்குள் அதைச் செலுத்தினார்கள். காலநிலையைப் பற்றிய கவலை அதற்குக் காரணம் அல்ல. நிலத்தடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்த எண்ணெயை இளக்கி வெளியே தள்ள அந்த வாயு உதவியது. இன்றுவரை உலகில் பிடிக்கப்பட்ட காபனின் பெரும்பங்கு இப்படி மேலும் எண்ணெய் எடுக்கத்தான் போயிருக்கிறது. காபன் பிடிப்பைப் பற்றி எழுதும்போது இந்தச் செய்தியை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். என் பார்வையில் அது தலைப்பில் வரவேண்டியது.

எண்ணெய் எடுக்காமல், வாயுவைப் புதைப்பதற்காகவே செய்த முதலாவது பெரிய வேலை வட கடலிலுள்ள சிலைப்னர். அதன் கதை பாடம் நிறைந்தது. அந்த வயலின் எரிவாயுவில் 9 வீதம் வரை காபனீரொட்சைட்டு இருந்தது. வாங்குகிறவர்கள் 2.5 வீதத்துக்கு மேல் ஏற்கமாட்டார்கள், ஆகவே எப்படியும் பிரித்தாகவேண்டும். பிரித்ததைக் காற்றில் விடுவதே அந்நாள் வழக்கம். ஆனால் நோர்வே அரசு 1991இல் கடலில் வெளிவிடும் காபனுக்கு வரி போட்டுவிட்டது. தொன்னுக்கு அண்ணளவாக 50 டொலர் கட்டுவதைவிடக் கடலடி மணற்கல்லுக்குள் செலுத்துவது மலிவு என்று அரசுக் கம்பனியான ஸ்ரற்றொயில் கணக்குப் பார்த்தது. அதுதான் இன்றைய ஈகுயினோர். 1996இலிருந்து ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லியன் தொன் என்ற அளவில் அங்கே செலுத்தி வந்தார்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை அதிர்வலைப் படம் எடுத்து, வாயு எங்கே நிற்கிறது, எங்கே பரவுகிறது என்று பார்த்தார்கள். அந்தத் தரவை வெளி ஆய்வாளரும் பயன்படுத்தக் கொடுத்தார்கள். கம்பனியின் நல்ல மனத்தால் இது நடக்கவில்லை. வரி முதலில் வந்தது, துளை பிறகு வந்தது.

தள்ளும் வேலையை வரியிடம் விடாமல் எண்ணெய் விலையிடம் விட்ட இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஒழுங்கு புரியும். ரெக்சாஸில் ஒரு நிலக்கரி மின்நிலையத்தின் புகையிலிருந்து வாயுவைப் பிரித்து எண்ணெய் வயலுக்கு அனுப்பும் பெற்றா நோவா திட்டம் 2017இல் தொடங்கியது. சுமார் 100 கோடி டொலர் செலவு. அதன் பங்காளி ஜப்பானிய எண்ணெய்க் கம்பனியொன்று. 2020இல் எண்ணெய் விலை சரிந்தது, பிடிப்பு ஆலை மூடப்பட்டது. நிலக்கரி எரிவது நிற்கவில்லை. விலை மீண்ட பிறகு 2023இல்தான் ஆலை திரும்ப இயங்கியது. காலநிலைக்கான கருவி எண்ணெய்ச் சந்தையின் கயிற்றில் ஆடினால் இப்படித்தான் ஆடும்.

பாறையும் எப்போதும் சொல் கேட்பதில்லை. நோர்வேயின் வடக்கே ஸ்னோவிற் வயலில் 2008இல் செலுத்தத் தொடங்கிய படைக்குள் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. 2011இல் வேறு படைக்கு மாறவேண்டி வந்தது. அல்ஜீரியாவின் இன் சலா திட்டத்தில் பி.பி., ஸ்ரற்றொயில், அல்ஜீரிய அரசுக் கம்பனியான சொனற்றாக் ஆகிய மூன்றும் 2004 தொடக்கம் 38 இலட்சம் தொன்னளவில் செலுத்தின. மூடிப் பாறையின் உறுதியில் ஐயம் வந்ததால் 2011இல் நிறுத்தின. அவுஸ்திரேலியாவின் பரோ தீவில் செவ்ரோன் நடத்தும் கோர்கன் திட்டம் இவற்றில் பெரியது. வயலிலிருந்து வரும் காபனீரொட்சைட்டில் 80 வீதத்தைப் புதைப்பது எரிவாயு எடுக்க அனுமதி கொடுத்தபோதே விதித்த நிபந்தனை. எரிவாயு விற்பனை தொடங்கி மூன்று ஆண்டுக்குப் பிறகுதான், 2019இல், புதைப்புத் தொடங்கியது. அதன் பின்னும் ஆண்டுக்கு 40 இலட்சம் தொன் என்ற கொள்ளளவை அது எட்டவில்லை. குறைந்த பங்கை ஈடுகட்டக் கம்பனி ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட காபன் வரவுச் சீட்டுகளை வாங்கவேண்டி வந்தது. மேற்கு அவுஸ்திரேலிய மாநில அரசு நிபந்தனை போட்டிருந்தபடியால்தான் அந்தக் குறையும் வெளியில் தெரிந்தது.

குழாயிலும் ஆபத்து உண்டு. 2020 பெப்ரவரியில் மிசிசிப்பி மாநிலத்தின் சற்றார்சியா என்ற சிற்றூருக்கு அருகே காபனீரொட்சைட்டுக் குழாய் வெடித்தது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும், மணமோ நிறமோ இல்லை. ஏறத்தாழ 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒட்சிசன் போதாமல் வாகன இயந்திரங்கள் நின்றுவிட்டன. அந்தக் குழாயின் உரிமையாளரான டென்பரி கம்பனியை எக்ஸொன்மொபில் 2023இல் 490 கோடி டொலருக்கு வாங்கியது. அமெரிக்காவின் மிகப்பெரிய காபனீரொட்சைட்டுக் குழாய் வலையமைப்பு அதனோடு வந்தது. அதே ஆண்டில் ஒக்சிடென்ரல் எண்ணெய்க் கம்பனி, காற்றிலிருந்து நேரடியாகக் காபனைப் பிடிக்கும் கனேடிய நிறுவனமொன்றை 110 கோடி டொலருக்கு வாங்கியது. இந்தத் தொழில்நுட்பம் இன்னும் அறுபது, எழுபது, எண்பது ஆண்டுக்கு எண்ணெய்த் தொழில் தொடர்வதற்கு அனுமதிச் சீட்டாகும் என்ற கருத்தை ஒக்சிடென்ரலின் தலைமை நிர்வாகி விக்கி ஹொலப் அந்த ஆண்டு ஒரு மாநாட்டிலேயே சொன்னார். மற்றக் கம்பனிகள் விளம்பரத்தில் மறைப்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னதற்கு ஒருவகையில் நன்றி சொல்லலாம்.

இந்த முதலீடுகளுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுச் சட்டம், ஆலைப் புகையிலிருந்து பிடித்துப் புதைத்த ஒவ்வொரு தொன்னுக்கும் 85 டொலர் வரை வரிச்சலுகை கொடுத்தது. எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தினால் 60 டொலர் என்று குறைத்து வைத்திருந்தது. 2025இல் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள், இப்போது இரண்டுக்கும் ஒரே தொகை. எண்ணெயும் விற்கலாம், சலுகையும் வாங்கலாம். நோர்வேயில் பிறேவிக், ஒய்கார்டன் வேலைகள் அடங்கிய முழுத் திட்டத்தின் மதிப்பிட்ட செலவில் மூன்றில் இரண்டு பங்கு அரசின் காசு. எண்ணெய்க் கம்பனிகள் தங்கள் சொந்தப் பணத்தை எங்கே போடுகின்றன என்பதைச் சர்வதேச எரிசக்தி முகவரகம் 2023இல் கணக்கிட்டது: 2022இல் எண்ணெய், எரிவாயுத் தொழிலின் மூலதனச் செலவில் 2.5 வீதம்தான் தூய எரிசக்திக்குப் போனது. காபன் பிடிப்பு அந்த 2.5 வீதத்துக்குள் அடங்கிய ஒரு துண்டு.

அளவுக் கணக்கு இதைவிடக் கடுமையானது. உலகின் எல்லாப் பிடிப்பு ஆலைகளையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி தொன் பிடிக்கும் கொள்ளளவு. எரிசக்தியால் வெளியாகும் காபனீரொட்சைட்டு 3,700 கோடி தொன்னுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. எண்ணெயையும் எரிவாயுவையும் இன்றைய போக்கிலேயே எரித்துக்கொண்டு வெப்பநிலை உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தவேண்டுமானால் 2050இல் ஆண்டுக்கு 3,200 கோடி தொன் பிடிக்கவேண்டியிருக்கும் என்றும், அதற்கு வேண்டிய மின்சாரம் 2022இல் முழு உலகமும் பயன்படுத்தியதைவிட அதிகம் என்றும் அதே முகவரகம் சொல்கிறது. ஆகவே எண்ணெயைத் தொடர்ந்து எரிப்பதற்கான வழியாகக் காபன் புதைப்பைக் காட்டுவது கணக்கில் நிற்காது. சீமெந்தின் கதை வேறு. சூரிய ஒளியில் ஓடும் சூளை கண்டுபிடித்தாலும் கல்லுக்குள் இருக்கிற காபன் வெளியே வந்தே தீரும். அங்கே பிடித்துப் புதைப்பதற்கு நியாயம் இருக்கிறது. பிறேவிக்கை நான் வரவேற்பதும், ரெக்சாஸை ஐயத்தோடு பார்ப்பதும் இதனால்தான்.

நிலத்தடியில் எண்ணெய் சம்பந்தமாக நமக்கும் ஓர் அனுபவம் இருக்கிறது. இணுவிலிலிருந்து வடக்கே மருதனார்மடத்தைத் தாண்டினால் சுன்னாகம். அங்குள்ள அனல் மின்நிலைய வளாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்ற முறைப்பாடு பெருகி, 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் பெரும் போராட்டமானது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை சுற்றயலில் 150 கிணறுகளைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ நாலில் மூன்றில் எண்ணெயும் கொழுப்பும் ஏற்கத்தக்க அளவைத் தாண்டியிருந்தன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்றது. யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் சனம் பவுசர்த் தண்ணீருக்குக் காத்திருந்தது. அந்த வளாகத்தில் பல பத்தாண்டுகளாக வெவ்வேறு நிறுவனங்கள் மின்சாரம் உற்பத்தி செய்திருக்கின்றன, போர்க்காலச் சேதமும் இருந்தது. எண்ணெய் எவருடையது என்ற வாதம் அதனால் நீண்டது.

சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர காரியவசம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அங்கே மின்நிலையம் நடத்திய நோர்தேர்ண் பவர் கம்பனி சூழ வசிப்பவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்றது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற கோட்பாட்டை இலங்கையில் உறுதிப்படுத்திய முக்கியத் தீர்ப்புகளில் அது ஒன்று. மேற்பார்வை செய்திருக்கவேண்டிய மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தங்கள் கடமையில் தவறியதையும் நீதிமன்றம் கண்டித்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்கு 2015இல் போட்டது. சுண்ணாம்புப் பாறை வெடிப்புக்குள் போன எண்ணெய்க்கு நாலு வருடம் நீண்ட காலம்.

அந்தப் பாறையின் இயல்பு காபனுக்கும் பொருந்தும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரித்ததால்தான் நிலாவரையும் கீரிமலையும் நிலத்தடிக் குகைகளும் உண்டாயின. நம் நன்னீர் கடல்நீரின் மேல் வில்லை போல் மிதக்கிறது. உரத்தின் நைத்திரேற்று வேறு ஏற்கனவே அதைக் கெடுத்து வைத்திருக்கிறது. வெடிப்பும் குகையுமான இந்தக் கல்லுக்குள் எவரும் காபனைச் செலுத்தக் கூடாது, செலுத்தவும் இயலாது. குடாநாட்டுக்கு வெளியே, கடலடியில் கேட்டால் பதில் மாறும்.

காவிரி வடிநிலத்தின் படிவுப் பாறைகள் தமிழ்நாட்டுக் கரையில் நின்றுவிடாமல் பாக்கு நீரிணைக்கு அடியில் நம் பக்கம் தொடர்கின்றன. அதற்குத் தெற்கே மன்னார் வடிநிலம். பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1970களில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிட்டது. 1976இல் அமெரிக்க மரதன் கம்பனி நெடுந்தீவை அண்டிய கடலில் துளையிட்டது. 1981இல் இன்னொரு அமெரிக்கக் கம்பனி வந்தது. விற்கக்கூடிய அளவில் எதுவும் கிடைக்கவில்லை. 2011இல் கெய்ன் கம்பனி மன்னார்க் கடலில் டொறாடோ, பரக்கூடா என்று பெயரிட்ட இரு இடங்களில் எரிவாயு கண்டது. சில ஆண்டில் கைவிட்டுப் போய்விட்டது. துளையிட்டபோது அங்கே எரிமலைப் பாறைப் படைகளும் எதிர்ப்பட்டன. ஐஸ்லாந்தின் முடிவுகளைப் படித்தவர்களுக்கு அது சுவையான செய்தி.

அக்கரையில் வேலை தொடங்கிவிட்டது. தூத்துக்குடியில் ஒரு சோடாச் சாம்பல் ஆலை தன் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 தொன் வரை காபனீரொட்சைட்டைப் பிடித்துச் சோடாவாக்கும் ஏற்பாட்டை 2016இல் அரசு மானியம் இல்லாமலே நிறுவியது. சோடாவைக் கண்ணாடி செய்ய உருக்கும்போது வாயு திரும்ப வெளியேறுமே என்று கேட்பவர் கேட்கலாம்; கேள்வி சரியானதுதான். குஜராத்தில் கோயலி சுத்திகரிப்பு ஆலையின் காபனைக் காந்தார் எண்ணெய் வயலுக்குள் செலுத்த இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனமும் ஓ.என்.ஜி.சி.யும் 2019இல் உடன்படிக்கை செய்தன. நோக்கம் அங்கேயும் மேலும் எண்ணெய் எடுப்பது.

மன்னார் எரிவாயு ஒருநாள் கரைக்கு வரலாம், காங்கேசன்துறைச் சூளையை மூட்டும் பேச்சும் திரும்பத் திரும்ப எழுகிறது. அப்போது எவராவது ஓர் எண்ணெய்க் கம்பனி காபனைக் கடலடியில் புதைத்துத் தருகிறேன் என்று கொழும்புக்கு வருமானால் அதைக் கேட்ட உடனே விரட்டவேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை இதற்கென்றே எழுதப்பட்டது. நோர்வேயும் அதைப் பின்பற்றுகிறது. செலுத்துவதற்கு முன் கம்பனி நிதிப் பிணை கட்டவேண்டும். செலுத்தும் காலம் முழுக்கக் கண்காணிக்கவேண்டும். மூடிய பின்னும் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டு பொறுப்புக் கம்பனியுடையது. வாயு நிலையாக நிற்கிறது என்று காட்டிய பிறகே அது அரசுக்கு மாறும். அந்த 20 ஆண்டே போதாது என்பது என் கருத்து. ஆயிரம் ஆண்டு நிற்கவேண்டிய பொருளுக்கு ஒரு தலைமுறைப் பொறுப்புக் குறைவு, அதற்குப் பின் வரும் செலவு வரி கட்டுகிறவர் தலையில் விழும். ஆனாலும் அந்த ஒழுங்கின் வரிசை சரியானது: காசு முதலில் கட்டப்படுகிறது, அளவீடு முதல் நாளிலேயே தொடங்குகிறது. சுன்னாகத்தில் இரண்டும் கடைசியில் வந்தன. பேசாலை மீனவர் கேட்கவேண்டியதும் அதையே. பிணை எவ்வளவு, அது எந்த வங்கியில் இருக்கிறது, அளவீட்டை எந்தப் பல்கலைக்கழகம் சுயமாகச் சரிபார்க்கும், அதன் முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வெளிவரும்.